தாடைக்குக் கீழே விழாத நிழல்

குற்றாலிங்கம் சீடராகப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்திருந்தது. குருவுக்கு முப்பத்தைந்து.

ஊர் சும்மா இருக்குமா? பென்சன் வாங்குகிற வயதில் மனிதர் சிலேட்டும் பையுமாகக் கிளம்பிவிட்டார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. மறுநாள் சட்டையை இன்னும் கொஞ்சம் விறைப்பாக இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, அதே டீக்கடை வழியாகவே போனார். சுற்றுவழி ஒன்று இருந்தது. அதில் போக அவருக்கு மனம் வரவில்லை.

குருவின் பெயர் ஹாஜரா. தூத்துக்குடியில், ஒரு காலத்தில் உப்பு மூடை அடுக்கிய கிட்டங்கி ஒன்றைப் பட்டறையாக்கியிருந்தார். செம்புத் தகட்டில் மனித முகங்களைக் கீறி அச்செடுப்பது அவர் தொழில். தகட்டின் மேல் மெழுகு பூசி, மெழுகை ஊசியால் கீறி, அமிலத் தொட்டியில் இறக்குவார்கள். கீறிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னும். நெடுநேரம் தின்றால் ஆழமான பள்ளம், சற்று நேரம் தின்றால் மயிரிழை. பிறகு மெழுகைக் களைந்து, மையைத் தேய்த்துத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளைக்கு நடுவே விட்டால் முகம் தாளில் ஏறிவிடும். வண்ணம் கிடையாது. மூக்கின் மேடு, கன்னத்தின் பள்ளம், சிரிப்பு, கோபம் எல்லாம் கோட்டிலேயே வந்தாக வேண்டும்.

கோடு என்றால் குற்றாலிங்கத்துக்குப் பயமில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். அடிமட்டம் இல்லாமல் அவர் இழுக்கும் நேர்கோட்டைப் புதிதாக வந்த அதிகாரிகள் அடிமட்டம் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். குன்றோ குளமோ, அவர் கைப்பட்டால் தாளில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் அத்தனை வரைபடங்களில் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. அடியில் கையெழுத்துப் போடுகிறவர் அதிகாரி. அதுதான் முறை, அதில் தவறு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. தன் கையால் போட்ட ஒரே ஒரு தாளின் கீழே ‘குற்றாலிங்கம்’ என்று எழுதிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தார். சேர்ந்த அன்றே அதை ஹாஜராவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஹாஜரா சிரிக்கவில்லை. இங்கே பெயர் போடுவதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வழக்கம் இதுதான். படத்துக்காக உட்கார்ந்தவர் முதல் அச்சைப் பார்க்க வேண்டும். பாராட்ட வேண்டியதில்லை, குறை சொல்ல வேண்டியதும் இல்லை. அதில் இருப்பது தான்தான் என்று தோன்றினால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், வரைந்தவர் தன் பெயரைக் கீழே எழுதிக்கொள்ளலாம். சொல்லாமல் எழுந்துவிட்டால், வரைந்தவரே தன் கையால் அந்தத் தகட்டைச் சுரண்டித் தேய்த்துப் பழையபடி கண்ணாடிபோல வழவழப்பாக்க வேண்டும். இதில் குருவின் அபிப்பிராயத்துக்கு மதிப்பே கிடையாது. குருவே அப்படி வைத்திருந்தார். சொந்தத் தாய்மாமனே தன் படத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்லாமல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்த நாளில், ஹாஜராவும் உட்கார்ந்து தேய்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் உப்பளப் பெண்கள் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. சொந்தமாக மன்றம் கட்டியிருந்தார்கள். உள்ளே தங்கள் தலைவியின் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். ஹாஜராதான் வரைவார் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவர் குற்றாலிங்கத்தைக் கை காட்டினார்.

தலைவியின் பெயர் ராசக்கனி. ஐம்பதைத் தாண்டியவர். இன்றைக்கும் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர். வேலையிடத்தில் பெண்களுக்கு ஒதுங்க நிழற்கொட்டகையும், உப்புநீரில் நிற்கிற காலுக்கு பூட்சும் வாதாடி வாங்கியவர். பட்டறைக்கு வந்ததும் நாற்காலியைத் தானே ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குற்றாலிங்கத்தை ‘சார்’ என்றார். வரைகிற நேரம் முழுக்க வெளியே லாரி போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தகட்டில் குற்றாலிங்கம் தன் முழு வித்தையையும் காட்டினார். கன்னத்தின் வளைவைச் சுற்றிச் சுற்றி ஒரே இடைவெளியில் கோடுகள். நெற்றிக்கு ஒரு வரிசை, மூக்குக்கு ஒரு வரிசை. ஒன்றோடொன்று முட்டாது, ஒன்று தடித்து ஒன்று மெலியாது. முகத்தின் மேடு பள்ளம் தொட்டுப் பார்க்கலாம்போல எழும்பி நின்றது. பட்டறையில் வேலை பழகுகிற மற்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

ராசக்கனி அச்சைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மறுபடி நேரே பிடித்துப் பார்த்தார்.

“கண்மாய், கரை, மேடு, பள்ளம் எல்லாம் இருக்கு சார். இதுல நான் எங்க இருக்கேன்?”

கேட்டுவிட்டு எழுந்து போனார். பெயர் சொல்லவில்லை.

குற்றாலிங்கம் முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து தகட்டைத் தேய்த்தார். ஒவ்வொரு கோடும் குறையில்லாத கோடு. அதை அழிக்க அவருக்கு வலித்தது. தேய்த்து முடித்ததும் நேரே ஹாஜராவிடம் வந்து நின்றார்.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“உருவம் வந்துட்டு. மூக்கும் முழியும் அவங்களுக்குள்ளதுதான். ஆனா அந்த அம்மா நடந்து வரும்போது ஒரு கம்பீரம் வருதுல்லா, அது வரல. கம்பீரம் எந்தக் கோட்டுல வரும்?”

ஹாஜரா சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு முகம் போட்டார். இரண்டும் ஒரே முகம்தான். ஒன்றில் கண்ணிலிருந்து தாடை நோக்கிச் சில கோடுகளைத் தொங்கவிட்டார். வீட்டில் சாவுத் துட்டி விழுந்த முகமாகிவிட்டது. இன்னொன்றில் அதே அளவு கோடுகளைத் தாடையிலிருந்து காதுப் பக்கமாக ஏற்றிவிட்டார். அது சந்தையில் விலை குறைக்க மறுக்கிற முகமாயிற்று.

குற்றாலிங்கத்துக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டதுபோல் இருந்தது. கோடு இறங்கினால் துக்கம், ஏறினால் கம்பீரம், அவ்வளவுதானே என்றார்.

“இது ரெண்டும் யாரு அண்ணாச்சி?”

“யாருமில்ல. சும்மா முகம்.”

ஹாஜரா காலாலேயே இரண்டையும் அழித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று குற்றாலிங்கம் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் தனக்குத் தோதான அர்த்தம் ஒன்றைக் கண்டுபிடித்தார். சும்மா முகம் போடக்கூடாது, ராசக்கனியின் வாழ்க்கையைப் போட வேண்டும். உப்பளத்து வாழ்க்கை என்றால் என்ன? வெயில். வெடித்த பாதம். கூசிச் சுருங்கிய கண். அதை நினைக்கும்போதே அவருக்குத் தொண்டை அடைத்தது. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்குத் தொண்டை சீக்கிரம் அடைத்துவிடும்.

இரண்டாவது தகட்டை அந்த அடைத்த தொண்டையோடுதான் கீறினார். கண்ணுக்குக் கீழே கோடுகளை இறக்கிவிட்டார். வாயோரத்தில் இறக்கிவிட்டார். கண்ணோரத்துச் சுருக்கங்களை ஒன்று விடாமல் போட்டு, அவற்றின் குறுக்கே வேறு கோடுகளைப் பின்னினார். ஜன்னல் வெளிச்சம் மேலேயிருந்து விழுந்ததால் தாடைக்குக் கீழே நல்ல நிழல் இருந்தது. அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கோட்டின் மேல் கோடு போட்டார்.

சோதனைக்கு ஓர் அச்சு எடுத்தபோது ஐயோ பாவம் என்று யாரோ மெல்லச் சொன்னது கேட்டது. குற்றாலிங்கத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்னும் ஒரே ஒரு குறைதான். தாடை நிழல் போதவில்லை. அந்த இடம் கிணறு மாதிரி கறுத்தால் முகத்தின் சோகம் முழுமையாகிவிடும். மறுபடி மெழுகு பூசி, அந்த இடத்தில் மட்டும் இன்னும் நெருக்கமாகக் கோடுகளைப் பின்னி, தகட்டை அமிலத்தில் இறக்கினார்.

தொட்டிப் பக்கமாகப் போன ஹாஜரா ஒரு நிமிடம் நின்றார்.

“போதுமா அண்ணாச்சி?”

“இன்னும் கறுக்கணும் டீச்சர்.”

ஹாஜரா தன் வேலையைப் பார்க்கப் போனார்.

இந்தத் தொழிலில் புதியவர்கள் எல்லாரும் ஒருமுறை விழுகிற குழி இது. கறுப்பு வேண்டும் என்ற ஆசையில் கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுவிட்டு நீண்ட நேரம் அமிலத்தில் விட்டால், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய சுவரையும் அமிலம் தின்றுவிடும். கோடுகள் எல்லாம் இடிந்து ஒரே சமவெளியாகிவிடும். மை தங்கப் பள்ளம் வேண்டும். சமவெளியில் அது தங்காது. துடைக்கிற துணியோடு வந்துவிடும். கிணறுபோலக் கறுக்க வேண்டிய இடம் தாளில் வெளுத்துப்போய் வரும்.

தகட்டை வெளியே எடுத்துக் கழுவியபோது வாசலில் ராசக்கனி நின்றுகொண்டிருந்தார். மன்றத் திறப்பு விழா நெருங்கிவிட்டது. படம் ஆகுமா ஆகாதா என்று பார்க்க வந்திருந்தார். ஆகாவிட்டால் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி மாட்டிவிடலாம் என்று சங்கத்தில் பேசியிருந்தார்கள். ஆகவே அவர் கண் முன்னாலேயே மை தேய்த்து, துடைத்து, உருளையில் விட வேண்டியதாயிற்று.

குற்றாலிங்கம் தாளை உரித்தார். அழுது வடிகிற முகம். அதன் தாடைக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு வெளுப்பு.

ராசக்கனி வெகுநேரம் பார்த்தார்.

“யாரு செத்துப்போனா சார்?”

ராசக்கனி தாளை இன்னும் கிட்டே இழுத்தார். அந்த வெளுத்த இடத்துக்கு நேராக, தாளைத் தொடாமல், விரலைக் கொண்டுபோனார். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

“இந்த இடம் மட்டும் சரியா வந்திருக்கு. இங்க நான் இருக்கேன்.”

அது எப்படி என்று குற்றாலிங்கத்துக்கு விளங்கவில்லை. படத்திலேயே கெட்டுப்போன இடம் அதுதான். ஆனால் ராசக்கனி அதற்குள் மேலே பேசிக்கொண்டு போனார். எத்தனை தடவைதான் கீறுவது, எத்தனை தடவைதான் அழிப்பது, கண்ணும் கெட்டுப்போகும், சங்கத்துப் பிள்ளைகளிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். குரல் மிகவும் இதமாக இருந்தது.

“உங்களுக்கும் வயசாவுதுல்லா சார். பேரச் சொல்லிட்டுப் போறேன். நீங்க கையெழுத்தப் போட்டுக்கிடுங்க.”

அந்த இதம் குற்றாலிங்கத்தின் மேல் வெந்நீராக விழுந்தது. அந்த இரக்கக் குரலை அவருக்குத் தெரியும். இந்தத் தகட்டில் கோடுகளை எல்லாம் அவர் அந்தக் குரலில்தான் போட்டிருந்தார்.

எத்தனையோ வருடத்து ஆசை அவர் முன்னால் வந்து நின்றது. ஒரு சொல்தான் பாக்கி. அந்தச் சொல் வந்துவிட்டால் பென்சிலை எடுத்துப் பெயரை எழுதிவிடலாம். யாரும் தப்பு சொல்லப்போவதில்லை. வழக்கப்படி குருவும் கேட்க முடியாது. ஹாஜரா மூலையில் ஒரு தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

ராசக்கனி பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

“சொல்லாதீங்க” என்றார் குற்றாலிங்கம்.

ராசக்கனி நிறுத்தினார்.

“நீங்க கை காட்டுன இடம் நான் போட்டது இல்ல. நான் அங்க இருட்டுதான் போட்டேன். ஆசிட் கோட்டையெல்லாம் தின்னு வெள்ளையாக்கிட்டு. என் தப்புல வந்ததுக்கு உங்க பேர வாங்கிக்கிட மாட்டேன்.”

குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் அதற்கு வருத்தப்படவில்லை. நெஞ்சு நிமிர்ந்து நின்றார். தோற்றுப்போன மனிதருக்கு இவ்வளவு நிமிர்வு எங்கேயிருந்து வந்தது என்று பட்டறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

ராசக்கனியும் பார்த்தார். இத்தனை நாளும் ஜன்னலையும் லாரியையும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் முதல் தடவையாக அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. பேச்சுவார்த்தை மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆளை எடைபோடுகிற பார்வை அது.

“மழை விழுந்த பாத்தி உப்ப நல்ல உப்புன்னு நானும் கட்டி அனுப்ப மாட்டேன்” என்றார் ராசக்கனி. பிறகு, “நாளைக்கு வெள்ளன பாத்திக்கு வாங்க அண்ணாச்சி. வேலையில இருப்பேன். உக்காந்துலாம் தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார்.

சார், அண்ணாச்சியாக மாறியதைக் குற்றாலிங்கம் கவனிக்கவில்லை. அவர் தகட்டைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். குழி விழுந்த தகடு அவ்வளவு லேசில் மசியாது. கை வீங்கிப்போனது. கிளம்பும்போது ஹாஜரா புதிதாக மெழுகு பூசிய தகடு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

“வெயில் ஏறுனா மெழுகு இளகும். பாத்துக்கிடுங்க.”

அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் குற்றாலிங்கம் உப்பளத்துக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். எத்தனையோ முறை அளந்து வரைந்த பகுதிதான். ஒவ்வொரு பாத்தியின் நீள அகலமும் அவருக்கு அத்துப்படி. அங்கே ஒருநாளும் நின்று மனித முகத்தைப் பார்த்ததில்லை.

சூரியன் மேலே வந்தது. பாத்தி முழுக்க வெள்ளை விரிந்துகொண்டே போனது. கண் கூசியது. கண்ணை இடுக்கிக்கொண்டு ராசக்கனியைத் தேடினார். நீண்ட கம்பில் மாட்டிய பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்த பெண்களின் வரிசையில் அவர் மூன்றாவது ஆளாக நின்றார். வரப்பில் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

குற்றாலிங்கம் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த முகத்தில் தாடைக்குக் கீழே நிழல் இல்லை. கண்ணுக்குக் கீழே இல்லை. மூக்குக்குக் கீழே இல்லை. கீழே கிடக்கிற அத்தனை உப்பும் வெளிச்சத்தை மேல்நோக்கி எறிந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் துக்கமாகத் தெரிந்த பள்ளங்கள் ஒன்றும் இங்கே இல்லை. கண்ணோரத்துச் சுருக்கங்கள் மட்டும் இருந்தன. அவை அழுது வந்த சுருக்கங்கள் இல்லை. இந்த வெள்ளையை வருடக்கணக்காக நேருக்கு நேர் பார்த்து, பார்வையைத் திருப்பாமல் நின்றதில் விழுந்தவை.

ராசக்கனி கம்பை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். சொன்ன சொல்லுக்கு வந்து நிற்கிறாரே என்பதுபோல ஒரு பார்வை. வாயில் சிரிப்பு இல்லை.

குற்றாலிங்கம் துணியைப் பிரித்து ஊசியை எடுத்தார்.

வரைபடக்காரரின் ஒழுங்கெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுருக்கங்களை முதலில் போட்டார். குட்டையாக, அழுத்தமாக, காதுப் பக்கமாக விசிறிவிட்டார். கன்னத்துக் கோடுகளை நெற்றிப் பொட்டிலிருந்து தொடங்கி, கீழே வரவர மெலியவிட்டு, தாடையை எட்டும் முன்னாலேயே விட்டுவிட்டார். நெற்றிக்கு மேலே கட்டியிருந்த துண்டின் மடிப்பில்தான் நெருக்கமான இருட்டு. தாடைக்குக் கீழே ஊசி போனது. அங்கேயே நின்றது. தொடாமல் திரும்பி வந்தது.

அதற்குள் மெழுகு இளக ஆரம்பித்துவிட்டது. ஊசி இழுபட்டது. இன்னும் ஒரு கோடு போட்டாலும் பிசகும். கழுத்து பாக்கி, தோள் பாக்கி, ஒரு காது முழுக்கப் பாக்கி. எடுத்த வேலையை அரைகுறையாக விட்டறியாத மனிதர், ஊசியைப் பையில் வைத்தார்.

“முடிஞ்சிட்டா?” என்றார் ராசக்கனி.

“முடிஞ்சிட்டு.”

ராசக்கனி குனிந்து உப்பை இழுக்கத் தொடங்கினார்.

பட்டறையில் குற்றாலிங்கம் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தில் இறக்கினார். மெலிய வேண்டிய கோடுகள் மெலிந்ததும் தகட்டை எடுத்து அவற்றை மட்டும் மெழுகால் அடைத்துவிட்டு, மறுபடி இறக்கினார். கண்ணோரக் கோடுகளும் துண்டின் மடிப்பும்தான் கடைசிவரை அமிலத்தில் நின்றன. ஹாஜரா அந்தப் பக்கமாக இரண்டு தடவை போனார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஈரம் காய்ந்ததும் அச்சை அட்டையில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு குற்றாலிங்கம் நேரே உப்பளத்துக்குப் போனார். பட்டறைக்கு அழைத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டலாமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ராசக்கனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வரப்புக்கு ஏறி வந்தார். உப்புக் கை படக்கூடாதென்று தாளை வாங்கவில்லை. குற்றாலிங்கம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராசக்கனி பார்த்தார். முன்னால் பார்த்ததுபோல வெகுநேரம் பார்க்கவில்லை.

“ராசக்கனி” என்றார்.

அதிகாரி முன்னால் நின்று பெயரைச் சொல்வதுபோலத் தெளிவாக, அடுத்த பாத்திகள்வரை கேட்கும்படி சொன்னார். பெண்கள் கம்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி ஓடி வந்தாள். அவள் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். அவர்கள் படத்தைச் சுற்றி நின்று பேசிய எதுவும் குற்றாலிங்கத்தின் காதில் விழவில்லை. அவருக்குத் தொண்டை அடைத்திருந்தது. இந்த முறை யார்மேலும் இரக்கப்பட்டு அல்ல.

வரப்பிலேயே குந்தி உட்கார்ந்து, அட்டையை முழங்காலில் வைத்து, முகத்துக்குக் கீழே பென்சிலால் தன் பெயரை எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணிப்போனது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்.

மன்றத் திறப்பு விழா அன்று கூட்டம் அலைமோதியது. நாதஸ்வரம், சர்பத், நீளமான பேச்சுகள் எல்லாம் இருந்தன. படம் உள்ளே எதிர்ச்சுவரில் மாட்டப்பட்டிருந்தது. குற்றாலிங்கமும் ஹாஜராவும் பக்கவாட்டில் ஓரமாக நின்றார்கள்.

பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். குற்றாலிங்கம் ஒன்றைக் கவனித்தார். பேசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் வருகிறவர்கள் படத்துக்கு நேராக வந்ததும் நின்றுவிடுகிறார்கள். யாரும் உச்சுக்கொட்டவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறார்கள். வளைந்திருந்த முதுகு நிமிர்கிறது. அப்படி நிமிர்ந்தபடியே ஒரு கணம் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். தூக்குவாளி வைத்திருந்த ஒரு கிழவி, வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

குற்றாலிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது. இதை ஏன் மறைக்க வேண்டும்? அவர் மறைக்கவில்லை. தன் பெயர் அடியில் இருக்கிறது என்பதைக்கூட அந்த நேரத்தில் மறந்திருந்தார்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் கலைந்ததும் மன்றத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். குற்றாலிங்கம் படத்துக்குக் கிட்டே போனார். மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று, கண்ணோரக் கோடுகளைப் பார்த்தார். கன்னத்துக் கோடுகளைப் பார்த்தார். துண்டின் மடிப்பைப் பார்த்தார். ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் போட்டது, எவ்வளவு நேரம் அமிலத்தில் கிடந்தது என்று அவருக்கு மனப்பாடம்.

“டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

ஹாஜரா திரும்பினார்.

“மூணு தகட்டுலயும் அதே அம்மாதான். அதே ஊசிதான், அதே கைதான். இதுல வந்த கம்பீரம் அதுல வரல. இருக்கிற கோட்டையெல்லாம் பாத்துட்டேன். விட்ட இடத்தையும் பாத்துட்டேன். அது எதுல இருக்குன்னு போட்ட எனக்கே தெரியல. நீங்களாவது காட்டுங்க.”

ஹாஜரா படத்தின் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு குற்றாலிங்கத்தைப் பார்த்தார்.

“படத்துல அந்த அம்மா யாரப் பாக்காங்க அண்ணாச்சி?”

குற்றாலிங்கம் இரண்டு எட்டு பின்னால் வந்து, அன்று வரப்பில் நின்றதுபோல, அந்தக் கண்ணுக்கு நேரே நிமிர்ந்து நின்றார்.